தி சவுண்ட் அண்ட் த ஃப்யூரி: குழம்பாமப் பாக்கிறது எப்பிடி

1959ல மார்ட்டின் ரிட் எடுத்த படம், மிசிசிப்பியில பெரிய பேரோட இருந்து நொடிஞ்சுபோன காம்ப்சன் குடும்பத்தின்ர கதை. முதல்ல ஒரு துண்டுப் பேப்பரில ஆர் ஆருக்கு என்ன உறவெண்டு எழுதி வையுங்கோ, ஏனெண்டா குவென்டின் எண்டது இதில பொம்பிளைப் பிள்ளை, ஜோன் வுட்வார்ட் நடிச்சது, அவவின்ர தாய் காடி, வீட்டை இழுத்துப் பிடிக்கிற ஜேசனா வாறது யூல் பிரின்னர்.

சப்டைட்டில் கட்டாயம் போடுங்கோ, அமெரிக்காவின்ர தெற்குப் பக்கத்து இழுவைப் பேச்சு டக்கெண்டு பிடிபடாது.

வில்லியம் ஃபோக்னரின்ர 1929 நாவலை வாசிச்ச ஆக்கள் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைச்சிட்டுத்தான் பாக்கோணும், நாவலில முதல் பகுதியை அந்த வீட்டின்ர மனவளர்ச்சி குறைஞ்ச மகன் பெஞ்சி சொல்லுறான், காலம் முன்னுக்கும் பின்னுக்கும் பாயும், படம் நேராப் போகுது, நாவலில அந்த வீட்டு மகனா இருக்கிற ஜேசன் இங்க சொந்த ரத்தமே இல்ல. எனக்கு அந்த மாத்தம் பிடிக்கேல்ல.

வீட்டு வேலைக்காரி டில்சியா வாற எதல் வாட்டர்ஸின்ர சீன்களை மட்டும் ஓட்டிடாதேங்கோ. வெள்ளவத்தை வீட்டில அம்மம்மாவோட பாக்கேக்க, "அந்த வீட்டைத் தாங்கிறது அவதான்" எண்டு அவ உடனயே சொல்லிட்டா.

நாவலை இனித்தான் வாசிக்கப் போறவை நாலாம் பகுதியில துடங்குங்கோ, அது வெளியில இருந்து சொல்லுறதால லேசா விளங்கும்.