‘பொம்பொகொரின்’ என்றால் என்ன? ஜப்பானியப் பாட்டுத் தலைப்புகளைக் கேட்டுப் பழகும் முறை

அனிமே எனும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களைப் பார்க்கத் தொடங்கியவர்கள் பலருக்குக் கதை மறந்துபோகும். பாட்டின் தலைப்பு மட்டும் நாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘பொம்பொகொரின்’, ‘சா-லா’, ‘பொன்பொன்பொன்’ போன்றவற்றை உளறல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரட்டைக்கிளவியோடு வளர்ந்த தமிழ்க் காதுக்கு இவை நெருங்கிய உறவு. ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

படி 1: கேட்டதைத் தமிழில் எழுதுங்கள்

பாடல் வரிகளைத் தேடாமல், காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானிய மொழியில் அழுத்தாத ஒலியா (ka) அழுத்திய ஒலியா (ga) என்பதைப் பொறுத்துப் பொருளே மாறும். கோலிக்குண்டு உருண்டால் ‘கொரொகொரொ’. அதே சொல்லில் ‘க’வை ‘கங்கை’யின் முதலெழுத்தைப்போல் அழுத்திச் சொன்னால் பாறை உருள்கிறது, இடி உறுமுகிறது. தமிழில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. அதனால் அழுத்தி ஒலிக்கும் எழுத்தின் அடியில் கோடு போடுங்கள். நான் கோடு போடாமல் எழுதிய பழைய நோட்டு இன்று எனக்கே பயன்படவில்லை.

படி 2: மாத்திரை எண்ணுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஜப்பானியப் பாட்டு மாத்திரைக் கணக்கில் நடக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. இதுவரை நம் இலக்கணமேதான். ஆனால் நாம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை கொடுக்கும் இடத்தில், அவர்கள் ‘ன்’ ஒலிக்கு முழு மாத்திரை கொடுக்கிறார்கள். இரட்டிக்கும் மெய்யின் முன்பாதிக்கும் அப்படியே. நம் கணக்கில் ‘பொம்பொகொரின்’ ஐந்து மாத்திரை. அவர்கள் கணக்கில் ஆறு: பொ-ம்-பொ-கொ-ரி-ன். தொடையில் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். ‘ம்’மிலும் ‘ன்’னிலும் ஒவ்வொரு தட்டு விழுந்தால் பாட்டின் துள்ளல் உடனே பிடிபடும்.

படி 3: ஒலி யாருடையது?

‘ஒடொரு பொம்பொகொரின்’ 1990-இல் ‘சிபி மாருகோ-சான்’ தொடரின் நிறைவுப் பாடலாக வந்தது. அதன் மூலமான மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) வரைந்த சகுரா மொமொகோவே பாட்டையும் எழுதினார், இசை ஓடா டெட்சுரோ, பாடியது பி.பி.குவீன்ஸ் குழு. ‘ஒடொரு’ என்றால் ஆடுகிற. ‘பொம்பொகொ’, நாட்டார் கதைகளில் தனுகி என்ற விலங்கு தன் தொப்பையைத் தட்டும் ஒலி. ‘ரின்’ மணியோசை என்று என் காது சொல்கிறது. பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ‘பீஹ்யர’ திருவிழாக் குழலின் ஒலி. பீ-இ-ஹ்ய-ர என நான்கு தட்டு. பொருளற்றதாகத் தோன்றிய பாட்டுக்குள் ஒரு கிராமத் திருவிழாவே நடக்கிறது!

எல்லாமே காதால் கேட்கும் ஒலிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மினுமினுப்புக்கு ‘கிரகிர’, நெஞ்சுப் படபடப்புக்கு ‘டொகிடொகி’, மெத்தென்ற மென்மைக்கு ‘ஃபுவஃபுவ’ என்று நிலையைக் காட்டும் சொற்களும் ஏராளம். நாம் ‘சலசலவென’ என்று ‘என’ சேர்ப்பதுபோல அவர்கள் ‘தொ’ சேர்ப்பார்கள். ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லவும் அவர்களுக்கு அதே ‘தொ’தான், நமக்கு அதே ‘என’தான். இதை முதன்முதலில் கவனித்த நாளில் எனக்கு உடல் சிலிர்த்தது.

படி 4: ஒளிந்திருக்கும் சொல்லைத் தேடுங்கள்

1989-இல் ‘டிராகன் பால் இசட்’ தொடருக்கு ககெயாமா ஹிரோனோபு பாடிய தொடக்கப் பாடல் ‘சா-லா ஹெட்-சா-லா’. அதற்குள் இருப்பது ‘ஹெச்சர’ என்ற பேச்சுச் சொல். ‘இதெல்லாம் ஒரு பொருட்டா’ என்று பொருள். தலைப்பை எழுதும்போது அதன் முன்பாதியை ஆங்கிலத்தில் தலையைக் குறிக்கும் சொல்லாக்கிவிட்டார்கள். பாட்டுக்குள்ளும், தலை காலியாக இருந்தால் கனவுகளை நிறைய அடைக்கலாம் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அந்தத் தலையும் இந்தத் தலையும் தற்செயலாகச் சந்தித்ததாக நான் நம்பவில்லை.

படி 5: நீங்களே செய்து பாருங்கள்

கியாரி பாம்யு பாம்யு 2011-இல் பாடிய ‘பொன்பொன்பொன்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியதும் இசையமைத்ததும் நகடா யசுடகா. கேளுங்கள், எழுதுங்கள், எண்ணுங்கள். இரண்டு நாள் கழித்து, பாட்டைப் போடாமல், தொடையில் தட்டியபடி தலைப்பை மட்டும் சொல்லுங்கள். ஆறாவது தட்டில் ‘ன்’ தானாக வந்து நின்றால் அடுத்த பாட்டுக்குப் போகலாம்.