நின்றுபோன காரை டியூனிங்குக்கு எடுக்கலாமா?

"அப்பா ஓட்டின மாருதி 800-ண்ணே, கொஞ்ச வருஷமா நிக்குது. பிளக்கை மாத்தி டியூனிங் பண்ணிக் கொடுத்துருங்க" என்று கேட்பவர்களிடம் நான் உடனே சரி சொல்வதில்லை.

முதலில் ஆர்.சி. புக். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த 800 எல்லாமே 15 வருடத்தைத் தாண்டியவை. பதிவைப் புதுப்பிக்க வழியில்லை என்றால் இன்ஜின் தங்கமாக இருந்தும் பயனில்லை. அப்புறம் துரு. கால் மேட்டைத் தூக்கி, தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தையும் அழுத்திப் பாருங்கள். பொத்தென்று உள்ளே போனால் அது டிங்கரிங் ஆள் பார்க்க வேண்டிய வண்டி.

இன்ஜினுக்கு வருவோம். சாவியைத் திருகும் ஆசையை அடக்கிக்கொண்டு இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளைக் களிம்பு இருந்தாலே ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். நின்ற வண்டியில் ஈரம் கோத்தும் அப்படி ஆகும். ரேடியேட்டர் தண்ணீரிலும் எண்ணெய் மிதந்தால்தான் சந்தேகம் வலுக்கிறது. பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, மூன்று பிளக்கையும் கழற்றி, ஓட்டைக்குள் சில சொட்டு ஆயில் விட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் பாதி நிம்மதி.

மீதி நிம்மதியைத் தருவது கம்ப்ரஷன் கேஜ், அதாவது பிளக் ஓட்டையில் மாட்டி சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்க்கும் மீட்டர். நல்ல பேட்டரி போட்டு, காயில் வயரைப் பிடுங்கி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக செல்ஃப் அடியுங்கள். மூன்றிலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால் வேலையை எடுக்கலாம். ஒன்று மட்டும் இறங்கினால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். முள் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு, அல்லது கேஸ்கட். இதைப் பிளக்கும் (அதற்கு ஸ்பார்க் வரவைக்கும்) பாயின்ட்டும் மாற்றி சரிசெய்ய முடியாது. செய்து கொடுத்தால் வாரக் கடைசியில் "புல்லிங்கே இல்லைண்ணே" என்று வண்டி உங்கள் வாசலுக்கே திரும்பி வரும்.

கேஜ் நன்றாகக் காட்டினாலும் வெறும் டியூனிங்கோடு முடியாது. பிரேக்கில் வீல் சிலிண்டர் இறுகியிருக்கும். டைமிங் பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். பங்கில் இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், அதனால் பழைய ரப்பர் ஹோஸும் போகட்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016-ன் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த வயசு டயரை நான் ஓட்டமாட்டேன்.

பிரேக், டயர், பேட்டரி, பெல்ட் எல்லாவற்றுக்கும் தொகையை எழுதி முதலில் காட்டுங்கள். டியூனிங் கூலி கடைசி வரியில் இருக்கட்டும். அதைப் பார்த்தும் சாவியை நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.