பச்சை டிக் மட்டும் போதாது

கணினிகளுக்குப் பேக்கப் (காப்பு நகல்) எடுக்கும் மென்பொருளான வீம் பேக்கப் அண்ட் ரெப்ளிகேஷனில் காலையில் எல்லா வேலைகளும் (ஜாப், அதாவது திட்டமிட்டு ஓடும் பேக்கப் பணிகள்) பச்சையாக இருக்கிறதென்று உடனே மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு வேலையிலும் 'ரீட்', அதாவது எவ்வளவு தரவு வாசிக்கப்பட்டது என்ற எண்ணைப் பாருங்கள். வழக்கமாக 20 ஜிபி வாசிக்கும் வேலை ஒருநாள் 500 ஜிபி வாசித்திருந்தால், மாறிய பகுதிகளை மட்டும் அடையாளம் காட்டும் சிபிடி வசதி கைவிட்டு, வட்டு முழுவதும் வாசிக்கப்பட்டிருக்கலாம். இரவில் முடியவேண்டிய பேக்கப் அலுவலக நேரம் வரை இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மஞ்சள் எச்சரிக்கையையும் தள்ளிப்போடாதீர்கள். தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில், மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பின் பழைய பதிவுகள் நீக்கப்படாமல் வட்டு நிரம்பி வருவதை முதலில் சொல்வது பெரும்பாலும் அதுதான்.

எந்த வேலையிலும் சேர்க்கப்படாத மெய்நிகர் கணினிக்குச் சிவப்பு விளக்கே எரியாது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய ஆபத்து. கணினிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல், மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் விஎம்வேரின் விசென்டரில் உள்ள ஃபோல்டர் அல்லது டேக் அடிப்படையில் சேருங்கள். புதிதாக அந்த ஃபோல்டருக்குள் வருபவை அடுத்த முறை தாமாகவே பேக்கப்பில் இடம்பெறும்.

மின்னஞ்சல் அறிவிப்பில் தோல்வியுடன் வெற்றியையும் டிக் செய்யுங்கள். அறிவிப்பு அனுப்பும் சர்வரே படுத்துவிட்டால், கடிதம் வராததை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.