புகையும் வெக்கையும் சேரும் நாட்களில் கொழும்பு வீட்டில் ஓர் அறையைக் காப்பது எப்படி

கொழும்பில் காற்று கெடும் காலம் இரண்டு. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்று இந்தியப் பக்கத்துப் புகையையும் தூசியையும் இழுத்து வரும். 2022 டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளை மூட வைத்தது அப்படியொரு மூட்டம்தான். பிறகு மார்ச், ஏப்ரல். காற்று அசையாது, வெயில் மட்டும் ஏறும். அந்த நேரம் பார்த்து ஒரு குப்பை மேடு பற்றிக்கொண்டால் புகை ஒழுங்கைக்குள்ளேயே படுத்துவிடும்.

“வீட்டை மூடிக்கொண்டு உள்ளே இருங்கள்” என்ற அறிவுரை குளிர்நாட்டு வீடுகளுக்குப் பொருந்தும். நம் வீடுகளில் கதவுக்கு மேலே காற்றுத் துளைகள், சீட் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. யன்னலை எல்லாம் அடைத்தாலும் புகை வரும், வெக்கை வெளியே போகாது. அதனால் ஓர் அறையை மட்டும் பிடியுங்கள். வெயில் நேரே படாத, குசினியிலிருந்து தள்ளிய, எல்லோரும் படுக்கக்கூடிய அறை. மாடி வீடானால் கீழ்த்தளம்.

முதலில் காற்றின் தரத்தைக் காட்டும் எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். கைபேசிச் செயலிகள் பெரும்பாலும் அமெரிக்க ஏகியூஐ (காற்றுத் தரச் சுட்டெண்) எண்ணையே காட்டுகின்றன. அது மைக்ரோகிராம் அல்ல. ஏகியூஐ 100 என்றால் பிஎம் 2.5 நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 35 மைக்ரோகிராம், 150 என்றால் 55. இலங்கையின் 24 மணிநேர வரம்பு 50 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. ஏகியூஐயையும் மைக்ரோகிராமையும் குழப்பி, “ஐம்பதுதானே” என்று பிள்ளையை விளையாட விடுபவர்களும் உண்டு, வீணாகப் பதறுபவர்களும் உண்டு. தொய்வு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏகியூஐ 100ஐத் தாண்டும்போதே அறைக்குள் வந்துவிடுவது நல்லது. மற்றவர்களுக்கு 150.

இனி அடைப்பது. ஒரு டிசூத் தாளை மெல்லிய கீற்றாகக் கிழித்து, ஃபேனை நிறுத்திவிட்டு, கதவின் அடியிலும் காற்றுத் துளைகளிலும் யன்னல் சட்டத்தின் ஓரத்திலும் பிடித்துப் பாருங்கள். தாள் ஆடும் இடமெல்லாம் புகையின் வழி. துளைகளுக்குத் தடித்த பொலித்தீனை வெட்டி மாஸ்கிங் டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டுங்கள். சுண்ணாம்புச் சுவரில் டேப் பிடிக்காது, முதலில் ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். கதவடிக்குச் சுருட்டிய துவாய் போதும். யன்னலில் ஈரத் துவாய் தொங்கவிடுவதால் பயனில்லை. நுண்துகள் அதனூடே வந்துவிடும். கொழும்பின் ஈரப்பதத்தில் அது குளிர்ச்சியும் தராது, அறையைப் புழுங்க வைக்கும்.

பிளவு ஏசி வெளிக்காற்றை இழுப்பதில்லை. அறைக் காற்றையே சுற்றவிடும், அதனால் தாராளமாகப் போடலாம். ஆனால் அதன் பிளாஸ்டிக் வலை பஞ்சையும் முடியையும் பிடிக்குமே தவிர புகையைப் பிடிக்காது. யன்னல் ஏசி என்றால் வெளிக்காற்றுத் திறப்பை மூடிவிடுங்கள்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதானால் பெட்டியில் சிஏடிஆர் எண்ணைத் தேடுங்கள். அது எவ்வளவு வேகமாகக் காற்றைச் சுத்தமாக்கித் தரும் என்பதைக் காட்டும். 10க்கு 12 அடி அறை 120 சதுர அடி. புகைக்கு நிமிடத்துக்கு 120 கன அடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 204 கன மீட்டர் வேண்டும். வாசனை, அயனி என்று விளம்பரம் செய்வதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டாம்.

அவ்வளவு செலவு முடியாதென்றால் 16 அங்குல ஸ்டேண்ட் ஃபேனும் 20க்கு 20 அங்குல மெர்வ் 13 (நுண்துகளைப் பிடிக்கும் தர அளவு) ஃபில்டரும் போதும். ஃபில்டர் ஃபேனின் பின்பக்கம், காற்று உள்ளே போகும் பக்கம் வரவேண்டும். ஃபில்டர் சட்டத்திலுள்ள அம்புக்குறி ஃபேனை நோக்க வேண்டும். வட்டக் கூட்டுக்கும் சதுர ஃபில்டருக்கும் இடையே விடுபடும் மூலைகளைக் காட்போட் மட்டையால் மூடி டேப் சுற்றுங்கள். அந்த மூலையைச் சும்மா விட்டால் காற்று சுலபமான வழியால் போய்விடும், ஃபில்டர் அலங்காரமாகத்தான் இருக்கும். மோட்டாரின் பின்பகுதியில் ஒரு சாண் இடைவெளி வையுங்கள். முதல் ஒரு மணிநேரம் பக்கத்திலிருந்து பாருங்கள். மோட்டாரில் கை வைக்க முடியாதபடி சுட்டால் கழற்றிவிடுங்கள். யாரும் விழித்திராதபோது ஓடவிட வேண்டாம்.

அந்த அறைக்குள் நுளம்புத்திரி, சாம்பிராணி, ஊதுபத்தி கூடாது. ஒரு நுளம்புத்திரிச் சுருள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று ஆய்வு சொல்கிறது. வலை கட்டுங்கள்.

ஃபில்டர் துகளைத்தான் பிடிக்கும், வாயுவை அல்ல. பிளாஸ்டிக் எரிந்து கண் கரித்து, தொண்டை எரிந்தால் அறையை நம்பி இருக்காமல் காற்று வரும் பக்கமுள்ள உறவினர் வீட்டுக்குக் கிளம்புங்கள். வழியில் என்95 மாஸ்க். அணிந்ததும் இரு கையாலும் மூடி ஊதிப்பாருங்கள். கண்ணாடி பனித்தால் மூக்குக் கம்பி சரியில்லை. தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது. வியர்வையில் நனைந்த மாஸ்க்கில் மூச்சு இழுப்பது கடினம், ஒன்றுக்கு இரண்டாக எடுத்துப் போங்கள். கைக்குட்டை கட்டுவதும் கட்டாததும் ஒன்று.

எப்போது திறப்பது? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும். கூரை வேகும் நேரமும் அதுவேதான். எண் இறங்கியிருந்தால் அப்போது கடல் பக்க யன்னலைத் திறந்து புழுக்கத்தை வெளியேற்றுங்கள். இரவிலும் காலை வாகன நெரிசலிலும் மூடிவையுங்கள். நான்கு பேர் நாள் முழுக்க மூடிய அறையிலிருந்தால் தலை கனக்கும், எண் இறங்காவிட்டாலும் இடையிடையே பத்து நிமிடம் திறக்கத்தான் வேண்டும்.

புகைக்கும் வெக்கைக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் வெக்கைக்கே முதல் இடம். வயதானவரின் உடல் சுட்டு, பேச்சுக் குழறினால் யன்னலைத் திறந்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறி, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். நினைவு தடுமாறுபவருக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். வெறும் களைப்பென்றால் ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த நீரிழப்புத் தூள்) ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரையுங்கள். அரைப் பைக்கற்றை ஒரு கோப்பையில் கரைத்தால் உப்புக் கூடிவிடும். கரைத்ததை 24 மணிநேரத்துக்குமேல் வைக்கக் கூடாது.

மூட்டம் கலைந்ததும் தும்புத்தடியை எடுக்காதீர்கள், படிந்ததெல்லாம் மறுபடி எழும். ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து, ஏசி வலையைக் கழுவி, துளைகளின் பொலித்தீனை அன்றே கழற்றிவிடுங்கள்.