பழைய அம்பாசடர் கியர்பாக்ஸுக்கு ஒரிஜினல் சாமான் தேடுறீங்களா?

கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் "அம்பாசடர் கியர்" என்று மட்டும் கேட்காதீங்க. 1489 சிசி பெட்ரோல் வண்டிக்கு நாலு கியர். பின்னால் வந்த 1800 ஐஎஸ்இசட்டுக்கு இசுசு இன்ஜினும் ஐந்து கியரும். ஒன்றின் சாமான் மற்றதுக்குச் சேராதுங்க.

கழற்றிய பல்சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணுங்க. ஷாஃப்டின் வரிப்பல்லையும் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) எண்ணி, பேரிங்கில் பொறித்த நம்பரோடு குறித்து வைங்க. பழசைக் கையோடு கொண்டுபோனா இன்னும் நல்லது.

கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை சிங்க்ரோ ரிங்கில்தான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. கியரின் கூம்பில் வைத்து அழுத்தித் திருகிப் பாருங்க, கவ்விப் பிடிக்கணும். வழுக்கினா வேண்டாம், எவ்வளவு மலிவா கொடுத்தாலும். பல் தேய்ந்திருந்தா, அதோடு சேர்ந்து ஓடிய ஜோடிச் சக்கரத்தையும் கேட்டு வாங்கிடுங்க.