குழந்தை தூங்கும் நேரத்தை நம்பி மீட்டிங் வைக்காதீர்கள்

மதியம் ஒன்றரைக்குப் பையன் தூங்கிவிடுவான், 2 மணி மீட்டிங்கை நிம்மதியாக முடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்போம். அன்றைக்குப் பார்த்துத் தூங்க மாட்டான். ஒன்றே முக்காலுக்குத் தொட்டிலை ஆட்டும் கையில் வேகம் கூடும், நெஞ்சு படபடக்கும். அவனோ கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு சிரிப்பான்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெற்றோர் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் சொல்வேன். நம் கையில் இல்லாத தூக்கத்தை நம்பி நாளைத் திட்டமிட்டால் பதற்றம் வராமல் என்ன செய்யும்? மெயிலுக்குப் பதில், டைம்ஷீட் மாதிரி பாதியில் விட்டாலும் குடிமுழுகாத வேலைகளை அந்த நேரத்துக்கு வையுங்கள். மூளையைக் கொடுத்துச் செய்ய வேண்டியதை, வீட்டில் இன்னொருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்போது செய்யுங்கள். ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறதா, சரி, அதில் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். "வீட்லதானே இருக்க" என்று அப்போதும் குக்கரை அணைக்கக் கூப்பிடுவார்கள். அதை முதல் வாரமே பேசித் தீர்த்துவிடுவது நல்லது.

ஆபீஸில் குழந்தையை மறைப்பதும் வீண் பாடு. மியூட் பட்டனில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருப்பதே தனி வேலை. "4 முதல் 5 வரை ஆன்லைனில் இருக்க மாட்டேன்" என்று மேனேஜரிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் தினம் ஒரு சாக்கு தேட வேண்டாம். மகப்பேறு விடுப்பு முடிந்த பிறகும், வேலை அதற்கு ஏற்றதாக இருந்தால், நிறுவனத்தோடு பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்க மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் கொண்டுவந்த திருத்தத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அப்புறம் போன். 2 வயதுக்குள் திரை வேண்டாம், அதற்கு மேல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அதைப் படித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் புழுங்குகிறோம், மீட்டிங் நடுவே அழுதால் உடனே போனைத் திணிக்கிறோம். அழுதால் போன் வரும் என்று குழந்தை கற்றுக்கொள்வது அப்படித்தான். இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு, முக்கியமான மீட்டிங் தொடங்கும் முன்பே 20 நிமிடம் என்று நீங்களாகக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு மூன்றாவது காபி குடிப்பதையும் விடுங்கள். குடித்த காபியின் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலையில் காரணமே இல்லாமல் வரும் படபடப்பில் அதற்கும் பங்கு இருக்கலாம். குழந்தை தூங்கிய பிறகு நள்ளிரவு வரை லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டை அடி.

இத்தனையும் மாற்றிப் பார்த்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுகிறது, காரணமில்லாத பயம் விடவில்லை என்றால், 'அலுப்புதான்' என்று தள்ளாதீர்கள், கடையில் தூக்க மாத்திரையும் வாங்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். 24 மணி நேரமும் இயங்குவதால் குழந்தை தூங்கிய பிறகு இரவு 11 மணிக்குக்கூடக் கூப்பிடலாம்.