அலாய் வீல் மாட்டியதும் அலைன்மென்ட்: எங்கே தவறுகிறோம்?

புது அலாய் மாட்டி, அலைன்மென்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) பார்த்து வாங்கிய அன்று கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சை, அதாவது எல்லா அளவும் சரி. வேலூரிலிருந்து கிளம்பி பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் தெரிந்துவிட்டது: வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஸ்டீயரிங்கை நடுவில் நிறுத்தி லாக் போடாமல், கைக்கு எட்டிய பக்கத்து டை ராடை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) மட்டும் திருகியிருக்கிறார்கள். மொத்த டோ (மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களும் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரி, அதனால்தான் பச்சை. இரண்டு பக்கமும் சமமாகத் திருக வேண்டும். அப்புறம் லாக் நட்டை இறுக்க வேண்டும்.

வீல் மாற்றினாலே கோணங்கள் மாறிவிடும் என்பது தப்பு. வண்டியின் உயரம் மாறாதவரை டோவும் கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) அப்படியேதான் இருக்கும். மாறுவது ஆஃப்செட்: ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் இடையிலான மி.மீ. தூரம். 45 இருந்த இடத்தில் 35 போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே வரும். பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் கையை வெடுக்கென்று இழுக்கும், பேரிங்குக்கும் சுமை கூடும். இதை எந்த மெஷினும் திருத்தாது. டயர் ஃபெண்டரில் உரசுகிறது என்று ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் தூண்) போல்ட் ஓட்டையை ராவி, சக்கரத்தின் தலையை உள்ளே சாய்ப்பவர்களும் உண்டு. என் கணக்கில் இதுதான் மோசமான வேலை. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு போலிருக்கும், உள்விளிம்பு மொட்டையாகியிருக்கும்.

டோவை மி.மீ.யில் பார்க்கும் கடையில், மெஷினில் ரிம் அளவை மாற்றச் சொல்லுங்கள். 14 இன்ச்சில் 2 மி.மீ. என்பதும் 16 இன்ச்சில் 2 மி.மீ. என்பதும் ஒரே கோணம் இல்லை. டிகிரியில் பார்த்தால் இந்தக் குழப்பமே கிடையாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் காற்று சரியா என்று பாருங்கள். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடத்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட் போயிருக்கும். மேலும் கீழுமாக ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். அதை மாற்றாமல் செய்த அலைன்மென்ட் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்காது.

ஊருக்குள் ஒன்றும் தெரியாமல், பைபாஸில் 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கினால் மறுபடி அலைன்மென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். முதலில் பேலன்சிங்கை (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பதை) பாருங்கள். அலாயின் நடு ஓட்டை, அது மாட்டும் ஹப்பின் நடு மேட்டைவிடப் பெரிதாக இருந்தால், அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்ற வளையம் போட வேண்டும்.